எட்டு லீவர் வேண்டுதல்

கார்த்திகை 28, ஞாயிறு

வேலிக்கால் முனியப்பன் சன்னதியில் இன்று காலை இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் மாரப்பன், பூசாரி காளியண்ணன், தேங்காய்க் கடை ராக்கம்மா, கம்பத்தில் கட்டியிருந்த நேர்ந்துவிட்ட கிடா ஒன்று. வேறு ஒருவரும் இல்லை. பின்னால் யாராவது நானும் அங்கே இருந்தேன், நானும் வேண்டினேன் என்று சொல்ல வந்தால் தெரியட்டும் என்று பெயர் போட்டு எழுதி வைக்கிறேன்.

இந்தக் கோயிலில் வழக்கம் பூட்டுப் போடுவது. சாமிக்கு முன்னால் இரும்புக் கம்பி வேலி இருக்கிறது. கோர்ட்டு வழக்கோ, பொல்லாத வாயோ, பிடிக்காத சம்பந்தமோ, எது நடக்கக் கூடாதோ அதைச் சொல்லி வேலியில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டு வந்தால் அந்தக் காரியம் அப்படியே நின்றுவிடும். பலித்த பிறகு போட்டவர் கையாலேயே திறக்க வேண்டும். வேறு யாராவது அறுத்துவிட்டால் வேண்டுதல் திரும்பி, போட்டவரையே பிடிக்கும். பூசாரி இதை இரண்டு முறை சொன்னார்.

நான் வேண்டிக்கொண்டது, தை 5 திங்கட்கிழமை எங்கள் பெரிய வீட்டின் கிரயப் பத்திரம் நடக்கக் கூடாது என்பது. பெரிய வீடு என்றால் தனி வீடல்ல, எங்கள் வீட்டின் மற்றப் பாதி. அதில் என் வீட்டுக்காரரின் அண்ணன் செங்கோடன் மாமாவும், என் ஓரகத்தி நல்லம்மாளும் இருக்கிறார்கள். அந்தப் பெயரை எழுதுவது இந்த ஒரு தடவைதான். இனி பெரிய வீட்டம்மா என்றே எழுதுவேன். அவர்கள் தங்கள் பாதியை மஞ்சள் மண்டிக்காரருக்கு விற்றுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போகிறார்களாம். மண்டிக்காரர் இடித்துவிட்டுக் குடோன் கட்டப் போகிறாராம்.

அவர்கள் போகக் கூடாது என்று நான் வேண்டவில்லை. போனால் போகட்டும். பத்திரம்தான் ஆகக் கூடாது.

பஸ்ஸில் இவர் கேட்டார்: "பத்திரம் ஆகாம எப்படிப் புள்ள போவாங்க?"

"அது முனியப்பன் பாடுங்க."

பித்தளைப் பூட்டு நூற்றெண்பது. தேங்காய், சூடம், எலுமிச்சை ஐம்பது. பஸ் எனக்கு இலவசம், இவருக்குப் பத்து.

மார்கழி 3, வியாழன்

கோலம் போட்டேன். பெரிய வீட்டு வாசலிலும் கோலம் இருந்தது, என்னுடையதைவிட ஒரு வரிசை கூடுதல். நாளை இரண்டு வரிசை கூட்ட வேண்டும்.

போன தை மாதத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. காரணத்தை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். என் குக்கர் வெயிட்டை வாங்கிக்கொண்டு போனாள். திருப்பித் தந்தது என் வெயிட் அல்ல. என்னுடையது கனமானது. நான் தராசில் வைத்துக் காட்டினேன். "வெயிட்டு நிறுத்தற ஊட்டுல எனக்கென்ன வேல" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள இடைக்கதவை அன்று சாத்தினோம். அவள் பக்கம் தாழ்ப்பாள், என் பக்கம் கொண்டி.

நாய் மட்டும் பொது. பெயர் சீனி. இரண்டு வாசலுக்கும் நடுவில் படுத்திருக்கும். இன்று காலை பெரிய வீட்டம்மா அதனிடம் சொன்னாள்:

"ஏஞ் சீனி, டேங்க் ரொம்பி வழியுது. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் காது இருக்குதான்னு பாத்துட்டு வா."

நான் சொன்னேன்: "சீனி, மோட்டார் சுவிட்சு அவிய பக்கந்தான் இருக்குதுன்னு போய்ச் சொல்லு."

நாய் இரண்டு பேரையும் பார்த்தது. எழுந்து போய் ரோட்டில் படுத்துக்கொண்டது. அதற்கு வயதாகிவிட்டது, இந்த வேலை தாங்காது.

மாமா உள்ளே சொன்னது சுவர் வழியாக விழுந்தது: "தம்பி பொண்டாட்டி மொகங்குடுத்துப் பேசாத வாசல்ல எதுக்குக் குடியிருக்கோணும்? பையன் கூப்படறான், போயிரலாம்."

இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. காதில் விழுந்தது, எழுதினேன்.

மார்கழி 6, ஞாயிறு

பூட்டைக் காணோம்.

பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். போட்ட இடத்தில் கம்பி மட்டும் பளபளவென்று இருந்தது. பூசாரி திருநீறு கொடுத்துக்கொண்டே சொன்னார்: "பித்தள இங்க நிக்காதுங்கம்மா. ஐயனுக்கு ஆகாது. கழட்டி வீசிருவாரு."

"எங்கீங்க வீசுவாரு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க."

வரும்போது ராக்கம்மா கடையில் பித்தளைப் பூட்டுகள் தொங்குவதைப் பார்த்தேன். என் பூட்டின் அடியில் இவர் அடையாளத்துக்கு ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறியிருந்தார். கடையில் தொங்கிய ஒரு பூட்டிலும் அதே இடத்தில் பெருக்கல் குறி இருந்தது. ஒரே கம்பெனி என்றால் குறியும் ஒன்றுபோலத்தான் போடுவார்கள் போலிருக்கிறது.

எனக்கு ஐயன்மேல் சந்தேகமில்லை. ஆனால் ஐயன்தான் கழற்றினாரா, பெரிய வீட்டம்மா கழற்றினாளா? வியாழக்கிழமை அவள் கையில் பையோடு பஸ் ஏறியதைப் பார்த்தேன். அறுக்க முடியாத, யாரும் கை வைத்துத் திறக்க முடியாத பூட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மார்கழி 7, திங்கள்

வெண்பொங்கல் நைவேத்தியம். பாலுக்கு முப்பத்திரண்டு. பிறகு கடைவீதி ஹார்டுவேர்ஸ்.

கடைக்காரர் கேட்டார்: "எதுக்குங்கம்மா பூட்டு? ஊட்டுக்கா, கடைக்கா, கேட்டுக்கா?"

"வெளிய தொங்கறதுக்குங்க. மழ வெயில் படும். அறுக்க வருவாங்க."

"ஆருங்க அறுக்க வருவாங்க?"

"சொந்தக்காரங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்ப நல்லதாவே பாத்துருவோம்" என்றார்.

ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். நான் ஐந்தாவதோடு நின்றவள், மற்றதெல்லாம் இவர் பஸ் டிப்போவிலிருந்து கொண்டுவந்த பழைய தாள்களைப் படித்துக் கற்றுக்கொண்டது. ஆனால் கேட்டால் பிடித்துக்கொள்வேன். லீவர் என்பது பூட்டுக்குள் இருக்கும் தகடு. அது கூடக் கூட, கம்பியை விட்டு நெம்பித் திறப்பது கஷ்டம். மேலே இருக்கும் வளையம் சாதா இரும்பாக இருந்தால் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு தின்றுவிடும். சூடேற்றிக் கெட்டிப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவில் சந்து எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சந்து இருந்தால் கட்டர் வாய் நுழையும், கடப்பாரை நுழையும். கனமும் பார்க்க வேண்டும். வெயிட் பார்ப்பது எனக்குத் தெரியும் என்றேன்.

மூன்று பூட்டு கேட்டேன். அறுத்துப் பார்த்து, நிற்காததைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"அறுத்துட்டுத் திருப்பிக் குடுத்தா நான் ஆருக்குங்க விக்கறது?"

நியாயம்தான். மூன்றையும் வாங்கினேன். இந்த மாதம் நெய் அரைக் கிலோவோடு நிறுத்த வேண்டும்.

மார்கழி 8, செவ்வாய்

பரிசோதனை. முதலில் விளக்கேற்றி, எது தோற்றாலும் ஐயன் முன்னால் தோற்காமல் இங்கேயே தோற்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன். இவர் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பின்கட்டில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பட்டறை வைஸ் இருக்கிறது. அதில் மாட்டினார்.

முதல் பூட்டு, கருப்பு இரும்பு, ஐம்பது ரூபாய் ரகம். கோயில் வேலியில் பாதிப் பூட்டு இந்த ரகம்தான். இவர் ரம்பத்தை எடுப்பதற்குள், தாலிக்கொடியில் இருந்த ஊக்கை நிமிர்த்தி உள்ளே விட்டுச் சும்மா ஒரு திருப்புத் திருப்பினேன். திறந்துகொண்டது. இவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

"எங்க புள்ள கத்துக்கிட்ட?"

"இப்பத்தானுங்க."

மறுபடி பூட்டினேன், மறுபடி திறந்தேன். தெரிந்துகொண்டது நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை. பூசை அறையில் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது ஏழு லீவர். ஊக்குக்கு அசையவில்லை. ஆனால் வளையத்தை இவர் அறுத்துவிட்டார், அடுப்பில் வைத்த புளிக்குழம்பு கொதிக்கும் முன்னால்.

மூன்றாவது எட்டு லீவர். வளையம் கட்டை விரல் பருமன், பூட்டின் தோள்பட்டை இரண்டு பக்கமும் தூக்கி வளையத்தை மூடியிருந்தது. இரண்டு பிளேடு பல் போயிற்று. வளையத்தில் நகக்கீறல் போல ஒரு கோடுதான். சுத்தியலால் அடித்தார். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவர் பெருவிரல் வீங்கிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டேன். சந்தோஷமாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்: "சீனி, அந்த ஊட்டுல என்ன கொல்லம் பட்டறையா நடக்குது? மனுசங் கண்ணசர வேண்டாமா?"

நான் பதில் சொல்லவில்லை. நாய் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மார்கழி 13, ஞாயிறு

பூட்டை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கொண்டுபோனேன். வேலியில் மாட்டப் போனால் கம்பி வளையத்துக்குள் போகவில்லை. சந்து குறைவு. கட்டர் நுழையக் கூடாது என்று பார்த்து வாங்கியதில் கம்பியும் நுழையவில்லை. வேலி முழுக்கத் தேடினோம். எல்லாக் கம்பியும் ஒரே பருமன்.

பூசாரிதான் வழி சொன்னார்: "வேலியிலதான் போடோணும்னு இல்லீங். பூட்டுல பூட்டுப் போட்டாலும் அவரு கணக்குல சேந்துரும்."

மஞ்சள் துணி சுற்றிய ஒரு கருப்பு இரும்புப் பூட்டைக் காட்டினார். அதன் வளையம் மெல்லிசு. அதில் என் பூட்டை மாட்டிப் பூட்டினேன். வேலி சற்றே முனகியது.

சாவி வீட்டில் இருந்தால் வேண்டுதலும் வீட்டுக்குத் திரும்பிவிடும், சாவியைக் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்றார். திறக்க வேண்டிய நாளில் எப்படித் திறப்பது என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு வழி இருக்கிறது என்றார். சாவி மொத்தம் மூன்று. இரண்டைக் கிணற்றில் போட்டேன். ஒன்று ரவிக்கைக்குள் இருக்கிறது. சாமிக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியாது.

பஸ்ஸில் இவர் சொன்னார்: "எட்டு லீவரு. ஆக்சா பிளேடு ரெண்டு போச்சு. எம்பட வெரலு போச்சு. கடசீல அதக் கொண்டுபோயி அம்பது ரூவாப் பூட்டுல தொங்க உட்டுட்ட."

வீடு வரும்வரை இவரோடு பேசவில்லை.

மார்கழி 14, திங்கள்

அந்தக் கருப்புப் பூட்டுக்காரர் யாரோ, அவருடைய வேண்டுதல் இப்போதைக்குப் பலிக்கக் கூடாது என்று விளக்கேற்றிக் கும்பிட்டேன். பலித்தால் வந்து திறந்துவிடுவார். பாவம்தான், வேறு வழியில்லை.

மார்கழி 20, ஞாயிறு

மண்டிக்காரர் குடோனில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டாம். பத்திரம் தள்ளிப்போகும் என்று பேச்சு. நான் காலைக் கேட்கவில்லை. அதை ஐயனிடம் தனியாகச் சொல்லிவிட்டேன்.

மதியம் பெரிய வீட்டில் ஒப்புட்டு வாசம். கிரயம் நின்றுபோன வீட்டில் ஏன் இனிப்புச் செய்கிறார்கள் என்று இவரிடம் கேட்டேன். "மிச்ச வெல்லம் இருந்திருக்கும்" என்றார். சிறிது நேரத்தில் சீனி எங்கள் படிக்கு வந்தது. கழுத்துப் பட்டையில் வாழையிலைப் பொட்டலம் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு ஒப்புட்டு. நாய்க்கு வைத்ததாகவும் இருக்கலாம். இவர் ஒன்று தின்றார், நான் ஒன்று. நாய்க்குச் சோறு வைத்தேன்.

வெல்லம் சரியாக இருந்தது. அவள் கைக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

மார்கழி 24, வியாழன்

இரண்டு சேதி. ஒன்று, மண்டிக்காரர் காரிலேயே வந்து கையெழுத்துப் போடுகிறாராம். "காலுலதான் கட்டு, கையில இல்ல" என்றாராம். தை 5 அப்படியே நிற்கிறது.

இரண்டு, பூசாரி போன் செய்தார். பாரம் தாங்காமல் வேலி சாய்ந்துவிட்டதாம். வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரவர் வந்து திறந்துகொள்ள வேண்டும், மிச்சமானதை மெஷின் வைத்து அறுத்துவிடுவார்கள்.

"அறுத்தா வேண்டுதல் திரும்பிருமுன்னு சொன்னீங்களே?"

"அதுக்குத்தானுங்க போன் பண்றேன்."

மார்கழி 27, ஞாயிறு

இவருக்கு முழங்கால் வலி, தனியாகப் போனேன். வேலி முன்னால் இருந்தவர்கள்: பூசாரி, மெஷினோடு வெல்டிங்காரர், கம்பத்தில் அதே கிடா, பெரிய வீட்டம்மா.

அவள் கருப்புப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் துணி அவள் பழைய சேலைக் கிழிசல், இப்போது தெரிந்தது. அவள் பூட்டில்தான் நான் பூட்டியிருக்கிறேன். இரண்டு வாரமாக யாருடைய வேண்டுதல் பலிக்கக் கூடாது என்று கும்பிட்டேனோ, அது இவளுடையது.

என்னைப் பார்த்தாள். சீனி இல்லை. கிடாவைப் பார்த்துச் சொன்னாள்:

"கெடாயே, எம் பூட்டுல எவளோ அம்மிக்கல்லாட்டம் ஒண்ணத் தொங்க உட்டிருக்கறா. கனந் தாங்காம என்றது வளைஞ்சு கெடக்குது."

நான் சொன்னேன்: "கெடாயே, குண்டூசியாட்டம் பூட்டப் போட்டவங்கள அதத் தொறக்கச் சொல்லு. நேரமாகுது."

"சாவியக் கெணத்துல போட்டாச்சு. பூசாரி சொன்னாருன்னு சொல்லு."

பூசாரி குறுக்கே வந்தார்: "ஆத்தா, அது நாமக்கல்காரரு கெடாங்க. அதுகிட்ட எதுக்கு?"

வெல்டிங்காரர் மெஷினை ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்தினார். "நகருங்க, ரெண்டு நிமிசத்துல அறுத்துர்றேன்."

அவள் பூட்டை விடவில்லை. பூசாரி, என்ன வேண்டுதல் என்று சொன்னால் மாற்று ஏதாவது பார்க்கலாம் என்றார். அவள் கிடாவிடம்தான் சொன்னாள்:

"பெங்களூருல பையன் ஊடு ஒம்பதாவது மாடி. கீழ பாத்தா தல சுத்துது. போன தடவ போயிப் பத்து நாள் இருந்தேன். பக்கத்துக் கதவுல ஆரு இருக்காங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. சண்டை போடறதுக்குக்கூட ஒரு ஆளு இல்ல. பத்திரம் நடக்கக் கூடாதுன்னுதான் போட்டேன். இத அறுத்துட்டா நான் போயித்தான் ஆகோணும்."

என் கண்ணில் சூடப் புகை பட்டுவிட்டது. சூடம் ஏற்றியிருக்கவில்லை. பெயிண்ட் வாடையாக இருக்கும்.

என் பூட்டைச் சாவி போட்டுத் திறந்தேன். பூசாரி என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், என் பூட்டின் வளையத்திலும் இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. எண் திருப்பித் திறக்கிற வயர் பூட்டு. நல்லக்கா அதைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். நான்கு எண்ணையும் திருப்பினாள், விரல் யோசிக்கவே இல்லை. திறந்துகொண்டது. அதைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாமாவின் மொபெட்டில் தொங்குகிற பூட்டைப் போலவே இருந்தது. ஒரே கம்பெனியாக இருக்கும்.

மிச்சம் அந்தக் கருப்புப் பூட்டு. நான் தாலிக்கொடியிலிருந்து ஊக்கை எடுத்தேன். அந்த ரகம் எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் போட்டவர் கைதான் திறக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஊக்கை அக்கா கையில் கொடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் திருப்பினேன். கை ஜில்லென்று இருந்தது.

திறந்தது.

"இது செல்லுமா பூசாரி?" என்று கேட்டேன்.

அவர் சாமியைப் பார்த்தார், வெல்டிங்காரரைப் பார்த்தார். "தொறந்தாத் தொறந்ததுதானுங்க" என்றார்.

பஸ்ஸில் அவள் முன்னால் ஏறினாள், நான் பின்னால். கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழிக்கும்போது "ரெண்டு பேரும் ஒண்ணாங்களா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆமாங்க" என்றோம். அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிடாவும் இல்லை.

மார்கழி 28, திங்கள்

வாங்கின பொருள் சும்மா கிடக்கக் கூடாது என்று எட்டு லீவரை இடைக்கதவில் என் பக்கக் கொண்டியில் மாட்டிப் பூட்டினேன். சரியாகப் பொருந்தியது. மாட்டிய பிறகு ஏன் மாட்டினேன் என்று இருந்தது.

தை 1, வியாழன்

இரண்டு வாசலில் இரண்டு பானை. அவர்களுடையது முதலில் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று நானும் சொல்லிவிட்டேன், தவறி.

தை 4, ஞாயிறு

நாளை காலை மண்டிக்காரர் கார் வருகிறது. மாமா வேட்டி சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிவிட்டார். இப்போது வெளியே இவரும் மாமாவும் ஒரே பேப்பரைப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் பக்கத்தைத் திருப்பவில்லை.

நான் இவரைக் கேட்டேன்: "உங்க அண்ணங்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"அவரு வாயில வந்த பேச்சு. அவருதான் மாத்தோணும்."

"அவருக்கே மனசில்லீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

மாமாவின் மொபெட்டில் எண் பூட்டு மறுபடி தொங்கியது.

ஐயன் முன்னால் மூன்று பூட்டுத் தொங்கியது. மூன்றும் ஒரே வேண்டுதல், மூன்றையும் திறந்துவிட்டோம். இனி அவரிடம் மறுபடி போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே கீழே உள்ளபடி ஒரு சீட்டு எழுதி, வாழையிலையில் சுற்றி, சீனியின் கழுத்துப் பட்டையில் கட்டி விட்டிருக்கிறேன். எழுதியது மறக்காமல் இருக்க இங்கேயும் எழுதிக்கொள்கிறேன்.

நல்லக்காவுக்குப் பாவாயி எழுதுவது. பத்திரம் வேண்டாம் என்று மாமாவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் வந்து சொல்லட்டுமா? நான் மாமாவுக்கும் முகம் கொடுத்துப் பேசுகிறேன். மண்டிக்காரருக்கு, அவர் கொடுத்த முன்பணத்தோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுத்து, காலையும் விசாரித்துவிட்டு வரலாம், அவர் கால் என் கணக்கில் இருக்கிறது. குக்கர் வெயிட் உங்களிடமே இருக்கட்டும். என் குக்கர் உங்கள் வெயிட்டுக்குப் பழகிவிட்டது. என் பக்கப் பூட்டை இப்போது கழற்றிவிட்டேன். உங்கள் பக்கத் தாழ்ப்பாள் உங்கள் கையில். நாய்க்கு வயதாகிவிட்டது, திரும்பி வரும் வழியில் படுத்துக்கொள்ளும். அதனால் பதிலைக் கதவைத் திறந்தே சொல்லவும். சீக்கிரம் சொல்லவும்.